ஆறு நாற்பதுக்கு வரும் சிவப்புப் பெட்டி

கள்ளக்குறிச்சியில் மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில்தான் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கினேன். கடைக்காரர் தூசி தட்டிக் கொடுக்கும்போதே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டார். "ஆன் பண்ணதும் கருப்பா ஒண்ணு வந்து நின்னுக்கும் டீச்சர். எஃப் ஒன்னு அழுத்துங்க. அப்பறம் தங்கமா ஓடும்." பழைய ஸ்கூட்டரை விற்பவர், கொஞ்சம் சாய்த்து உதைத்தால் கிளம்பிவிடும் என்பாரே, அந்தக் குரல்தான். எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை. மனிதர்களிடமே எங்கே அழுத்தினால் நகர்வார்கள் என்று பார்த்துப் பார்த்துத்தான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது. மிஷினுக்கு ஒரு பட்டன்தானே.

வெள்ளிமலை பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மலை ஏறினேன். பின்னால் போட்டுவிடலாம் என்றார் கண்டக்டர். முறைத்தேன். வளைவுகள் முடிகிறவரை அவர் என் பக்கம் வரவில்லை.

மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கும் அறிவியலும் நடத்துகிறேன். வயது ஐம்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது கேட்பவர்களும் இல்லை. அம்மா இருந்தவரை மணலூர்பேட்டையில் குடியிருந்து, சங்கராபுரம் பக்கத்துப் பள்ளிக்கு பஸ்ஸில் போய்வந்தேன். அம்மா போனதும் மலைக்கு மாற்றல் கேட்டேன். மலையிலிருந்து மாற்றல் கேட்பவர்களைத்தான் அலுவலகத்தில் பார்த்திருப்பார்கள் போலிருக்கிறது, என் மனுவை இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்கள். தனியாக இருக்க வேண்டும் என்றுதான் கேட்டேன். கேட்டது கிடைத்தது. இவ்வளவு ஜாஸ்தியாகக் கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

வினாத்தாள் தட்டச்சு செய்யத்தான் கம்ப்யூட்டர் என்று பள்ளியில் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிறகு எனக்குப் பேச்சுத்துணை இல்லை. டி.வி. பேசும், ஆனால் நாம் சொல்வதைக் கேட்காது. கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தைத் தட்டினால் பதிலுக்கு ஒரு எழுத்து வருகிறது. அந்த மட்டும் மரியாதை தெரிந்தது.

மலைக்கு வந்த முதல் வாரமே பக்கத்து வீட்டு அம்மா எனக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்துவிட்டார். எங்கள் பள்ளியில் சத்துணவு சமைப்பவர் அவர். சமவெளியில் இடி வானத்தில் இடிக்கும். இங்கே பக்கத்துத் தெருவில் இடிக்கிறது. ஒரு கோடை மழையில் எங்கள் வரிசையில் இருந்த டி.வி. அத்தனையும் ஒரே இடியில் கருகிப் போனதாம். அதிலிருந்து வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் மீட்டர் பெட்டியின் பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டையைப் பிடுங்கி, கூடவே எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். மேகமே இல்லாத நாளானாலும் சரிதான். மரவள்ளிக் காட்டுக்குப் போகிற பெண்கள் அதை மடியில் செருகிக்கொள்வார்கள். ரேஷன் கடை வரிசையில் பார்த்தால் ஆளுக்கொரு பீங்கான் கட்டையோடு நிற்பார்கள். நானும் என் கைப்பையில், சாக்பீஸுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் நடுவில், என் வீட்டின் மின்சாரத்தைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கும், லீவு நாளில் கடைகண்ணிக்கும் போய்வந்தேன். மொத்த வீட்டையும் அணைத்துவிட்டுப் போகிறவள் தனித்தனியாகச் சுவிட்சைத் தொடுவாளா? அதனால் சுவர்ச் சுவிட்சை நான் அணைப்பதே இல்லை.

சங்கராபுரத்தில் ஒரு கடையில் ஒரு வருஷத்துக்கான ஆன்டிவைரஸ் வாங்கி அந்தக் கம்ப்யூட்டரில் போட்டேன். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

ஆடி மாதம் தொடங்கியது அது. பள்ளி விட்டு வந்து, பீஸ் கட்டையைப் பொருத்தி, உலை வைத்துவிட்டு, ஆறரைக்குக் கம்ப்யூட்டரைப் போடுவேன். பத்து நிமிடம் ஏதாவது தட்டுவேன். பிறகு போனைச் சமையலறை ஜன்னலில் வைத்தால்தான் சிக்னல் வரும், அங்கே வைத்து அதன் நெட்டைக் கம்ப்யூட்டருக்குக் கொடுப்பேன். முதலில் கொஞ்ச நேரம் எந்தப் பக்கமும் திறக்காது. மலை நெட்தானே என்று விட்டுவிடுவேன். அன்று அப்படிக் காத்திருந்தபோது திரையின் வலது கீழ் மூலையிலிருந்து ஒரு சிவப்புப் பெட்டி எழும்பி வந்தது. கூடவே ஒரு மணிச்சத்தம். உங்கள் பாதுகாப்பு காலாவதியாகிவிட்டது, உடனே புதுப்பிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. புதுப்பிக்க அழுத்தினேன். வட்டம் சுற்றிவிட்டு, எல்லாம் புதிதாகத்தான் இருக்கிறது என்றது. அப்பாடா என்று கையை எடுத்தால் மறுபடியும் சிவப்புப் பெட்டி, மணிச்சத்தம். ஒரே வாயால் இரண்டையும் சொன்னது. அரை மணி கழித்து, ஒன்றுமே நடக்காதது போலத் தானே பச்சையாகிவிட்டது.

மறுநாளும் ஆறு நாற்பது. அதற்கு மறுநாளும் அதே ஆறு நாற்பது.

சிவப்பாக ஒன்று தினமும் அதே நேரத்துக்கு வந்து ஆபத்து என்றால், நெஞ்சு கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. மலையில் இதைக் கேட்க ஆளில்லை. எனக்குத் தெரிந்து கம்ப்யூட்டரைப் பற்றி எல்லாம் அறிந்தவன் ஒருவன்தான். அவன் குவைத்தில் கம்பெனி கம்பெனியாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன். என் தம்பி. நாங்கள் பேசி ஒன்றே முக்கால் வருஷம் ஆகியிருந்தது.

ஏன் பேசவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா கடைசியாகப் படுத்தது பதினோரு நாள். கரும்பு வெட்டியும் நடவு நட்டும் எங்கள் இருவரையும் படிக்க வைத்தவள். அவளைத் திருப்பிப் படுக்க வைக்கவும் பால் ஊற்றவும் நான் ஒருத்திதான் இருந்தேன். தம்பிக்கு லீவு தரவில்லை, பாஸ்போர்ட் கம்பெனியில் மாட்டிக்கொண்டிருந்தது. அது அவன் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? கொள்ளி வைக்க, பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா வீட்டு வாசலில் போய் நின்றவள் நான். எல்லாம் முடிந்து சாயங்காலம் அவன் போன் செய்து அழுதான். அம்மா என்னைக் கேட்டுச்சா என்றான். நான் சொன்னேன், "ஒரு வாட்டி கூட கேக்கல. உன் பேரையே எடுக்கல."

அது பொய். அம்மா கேட்டாள். அவனுக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்து, அந்த இடத்தில் அடிக்கத்தான் அப்படிச் சொன்னேன். அவன் போனை வைத்துவிட்டான். பிறகு அவனும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. பேசினால் உண்மையைச் சொல்ல வேண்டும். சொன்னால் இப்படியும் ஒரு அக்காவா என்று அவன் என்னை ஒரேயடியாக விட்டுவிடுவான். சொல்லாமல் இருந்தாலாவது அக்கா என்கிற பெயர் மிச்சமிருக்கும் என்று ஒரு நப்பாசை.

அந்த நாலாவது சாயங்காலம், சிவப்புப் பெட்டி திரையில் நிற்கும்போதே அவன் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி அடித்து முடியவில்லை, எடுத்துவிட்டான். "அக்கா?" என்றான். நல்லா இருக்கியா என்று கேட்டிருக்கலாம். என் வாயில் வந்தது வேறு. "கம்ப்யூட்டர்ல செவப்பா ஒண்ணு வந்துக்கினே இருக்குதுடா" என்றேன்.

அங்கே வேலை முடிந்து கம்பெனி வண்டியில் அறைக்குத் திரும்புகிற நேரம் போல. வண்டிச் சத்தத்துக்கு நடுவில் பொறுமையாகக் கேட்டான். எந்த மூலையில் வருகிறது, என்ன எழுதியிருக்கிறது, எத்தனை நேரம் நிற்கிறது. ஒரு வழி சொன்னான், செய்தேன். நாளைக்கு வந்தால் கூப்பிடு என்று வைத்துவிட்டான். மறுநாள் ஆறு நாற்பதுக்கு அது வந்தது. எரிச்சல் வர வேண்டிய இடத்தில் எனக்கு வேறென்னவோ வந்தது. போனை எடுக்க ஜன்னலுக்கு வேகமாக நடந்தேன்.

அப்படிக் கூப்பிட்டதில் மூன்றாம் நாள், பட்டனை அழுத்தியதிலிருந்து திரையில் என்னென்ன வருகிறது, ஒன்று விடாமல் சொல் என்றான். சொன்னேன். முதலில் கருப்பாக வந்து நிற்கும், எஃப் ஒன்று அழுத்துவேன், பிறகு படம் வரும். அவன் பக்கம் ஹாரன் சத்தம் மட்டும் கேட்டது. "சரிக்கா, அது கெடக்கட்டும். இன்னிக்கி வேற ஒண்ணு பண்ணிப் பாக்கலாம்" என்றான்.

அதன் பிறகு ஒரு நாளைக்கு ஒரு வைத்தியம். ஆன்டிவைரஸை அடியோடு எடுத்துவிட்டு மறுபடி போட்டோம். பழைய உரிமையாளர் விட்டுப்போன இன்னொரு ஆன்டிவைரஸின் மிச்சசொச்சத்தைத் தேடிக் கழித்தோம். கண்ட பக்கங்களுக்கு அறிவிப்பு அனுப்ப யாரோ கொடுத்து வைத்திருந்த அனுமதியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். முழுக் கம்ப்யூட்டரையும் சோதிக்கச் சொல்லிவிட்டு இரண்டு மணி நேரம் வேடிக்கை பார்த்தேன். சில நாள் அவன் சொன்னது, போன வாரம் செய்த வேலையையே தலைகீழாகச் செய்வதாக இருக்கும். இதைச் சுட்டிக்காட்டினால், "அது வேறக்கா, இது வேற" என்பான். பலன் தெரிய மறுநாள் ஆறு நாற்பது வரை காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் வந்தது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர் என்று மிஷினைத் திட்டிவிட்டு அவனைக் கூப்பிடுவேன்.

ஒருமுறை, சங்கராபுரத்துக் கடையிலாவது கொடுத்துப் பார்க்கிறேனே என்றேன். பதறினான். "கடைக்கெல்லாம் தூக்கிக்கினு போவாதக்கா. பிரிச்சிப் போட்டுடுவானுங்க. நான் இருக்கிறன் இல்ல."

மிஷினைத் தவிர வேறெதுவும் பேசவில்லை நாங்கள். அதில் இருவரும் கவனமாக இருந்தோம். ஒரு நாள் அவன் இருமிக்கொண்டே இருந்தான். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்க வாயெடுத்து, ரீஸ்டார்ட் பண்ணட்டுமா என்று கேட்டேன். பண்ணுக்கா என்றான். இன்னொரு நாள் அவன் பக்கம் பாங்கொலி கேட்டது. எங்கள் மணலூர்பேட்டை வீட்டில் விடியற்காலையில் கேட்கும் பாங்கின் ஞாபகம் எனக்கு வந்தது, அவனுக்கும் வந்திருக்கும். இரண்டு பேரும் அது முடிகிறவரை சும்மா இருந்துவிட்டு, அடுத்து எந்தப் பட்டன் என்று பேசினோம். அந்தக் கால்மணி நேரம்தான் என் நாள். மீதி இருபத்து மூன்றே முக்கால் மணியை அதற்காகக் கழித்தேன்.

நெட் கொடுப்பதற்கு முந்தின பத்து நிமிடத்தில் நான் தட்டியதெல்லாம் அவனுக்கு ஒரு கடிதம். அன்றைக்குச் சொன்னது பொய் என்று தொடங்கும். பாதியில் நிறுத்திச் சேமித்துவிடுவேன். மறுநாள் முந்தின நாள் எழுதியது பிடிக்காமல் முதலிலிருந்து எழுதுவேன். அனுப்பியது ஒன்றும் இல்லை.

புரட்டாசியில் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் படுக்கையை விட்டு எழவில்லை. பக்கத்து வீட்டு அம்மா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். வேறு ஒரு குரல் வீட்டுக்குள் கேட்கவில்லை. செத்துக் கிடந்தாலும் மத்தியானக் கஞ்சி வரும் நேரத்துக்குத்தான் தெரியும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு டீச்சர் அல்லவா. இரண்டாம் நாள் போனில் ஒரு செய்தி வந்திருந்தது. "அக்கா, மிஷின் எப்படி இருக்குது?" நான் பதில் போட்டேன். "மிஷினுக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் காய்ச்சல்." அவன், "ரெண்டையும் ரெஸ்ட்ல வுடு" என்று எழுதினான். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் போனை மார்பில் வைத்துக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கருப்புத் திரை வரவில்லை. எஃப் ஒன்று கேட்கவில்லை. நேராகப் படம் வந்தது. ஆறு நாற்பது ஆனது, ஆறு ஐம்பது ஆனது, ஏழும் ஆனது. சிவப்புப் பெட்டி இல்லை. சந்தோஷப்பட வேண்டியவள் பயந்துபோனேன்.

பயத்தையும் மீறி அறிவியல் டீச்சர் விழித்துக்கொண்டாள். மற்ற நாளில் இல்லாத எது இந்த மூன்று நாளில் இருந்தது? நான் வெளியே போகவில்லை. பீஸ் கட்டையைப் பிடுங்கவில்லை. மறுநாள் காலை, வீட்டில் இருந்துகொண்டே அதைப் பிடுங்கி ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தேன். திரும்பப் பொருத்திக் கம்ப்யூட்டரைப் போட்டால் கருப்புத் திரை வந்து நின்றது. எஃப் ஒன்று அழுத்திவிட்டு, முதல் தடவையாக மூலையில் இருந்த தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. அந்த மிஷின் செய்யப்பட்ட பழைய வருஷத்தின் ஜனவரி ஒன்று. நெட் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் சிவப்புப் பெட்டி மணியடித்துக்கொண்டு வந்தது.

மின்சாரம் இல்லாதபோதும் மிஷினுக்கு நேரம் தெரிய வேண்டுமென்றால் உள்ளே சுவர்க் கடிகாரம் போல ஒரு செல் இருக்க வேண்டும். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். வட்டமாக, நாணயம் போல, ஒன்று இருந்தது. அது செத்து எத்தனை காலமோ. நான் பீஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போகும் ஒவ்வொரு நாளும் மிஷினுக்கு நாள்காட்டி மறந்துபோய், எழுந்ததும் அது பழைய வருஷத்தில் நின்றிருக்கிறது. ஆறு நாற்பதுக்கு நான் நெட் கொடுத்ததும், தேதி ஒத்துவராமல் ஆன்டிவைரஸ் அலறியிருக்கிறது. நெட் கிடைத்துச் சற்று நேரத்தில் தேதி தானாகச் சரியானதும் வாயை மூடிக்கொண்டிருக்கிறது. வைரஸும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. உலகமெல்லாம் தேடிய காரணத்தைத் தினமும் என் கைப்பையிலேயே போட்டுக்கொண்டு போயிருக்கிறேன்.

கடிதங்களின் பட்டியலைத் திறந்தேன். அறுபதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றின் நேராகவும் அதே ஜனவரி ஒன்று. அந்த வருஷத்தில் அம்மா இருந்தாள், தம்பி ஊரில் இருந்தான், நான் அந்தப் பொய்யைச் சொல்லவே இல்லை. அதையெல்லாம் ஒன்றும் அறியாத மிஷின் தினமும் அந்த நாளில் எழுந்திருக்கிறது. எனக்கு அதன் மேல் பொறாமையாக இருந்தது.

கண்டுபிடித்ததைச் சொல்ல உலகத்தில் எனக்கு ஒரே ஒரு ஆள். அவனிடம் சொன்னால் அதோடு கூப்பிடக் காரணம் தீர்ந்தது. அதனால் சொல்லவில்லை. பள்ளிக்குப் போகும்போது எப்போதும் போல பீஸ் கட்டையைப் பிடுங்கினேன், சாயங்காலம் சிவப்புப் பெட்டி வந்தது, வந்துச்சுடா என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. வீட்டுப்பாடம் எழுதாமல் நோட்டு வீட்டில் இருக்கிறது என்கிற பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்கிறவள் நான். அந்தப் பிள்ளைகளும் இப்படித்தான், வீட்டில் உண்மையாகவே ஒரு நோட்டு இருக்கும். மூன்று வாரம் அப்படி ஓட்டினேன். நாளுக்கு நாள் என்னை எனக்கே பிடிக்காமல் போனது. அம்மா விஷயத்தில் ஒரு பொய், அதை மறைக்க மிஷினை வைத்து இன்னொன்று.

ஐப்பசியில் அம்மா போன நாள் வந்தது. படைக்க வேண்டியதை வாங்கச் சங்கராபுரம் இறங்கினேன். வெற்றிலை, பாக்கு, டீயில் தோய்த்துத் தின்ன அவளுக்குப் பிடித்த பொறை ஒரு பாக்கெட். இவ்வளவுதான் அவள் ஆசை. பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் பாய் உட்கார்ந்திருந்தார். நின்றுவிட்டேன். செத்த செல்லை அன்றைக்கே கழற்றிக் கைப்பையில் வைத்திருந்தேன். எடுத்துக் காட்டினேன்.

அதை விளக்கருகில் பிடித்துப் பார்த்துவிட்டு அதே அளவில் புதிது ஒன்றைத் தேடிக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். "சின்னதா இருக்குதேன்னு பாக்காதீங்கம்மா. கரண்டு இல்லாதப்ப எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிக்கினு இருக்கிறது இதுதான்" என்றார். அவர் வியாபாரத்துக்குச் சொன்னார். நான் கடையை விட்டு வந்து, பஸ் ஸ்டாண்டில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

மலை ஏறும்போது முடிவு செய்துவிட்டேன். இன்றைக்கு மிஷினைச் சரிசெய்துவிடுவது. சிவப்புப் பெட்டியின் முதுகுக்குப் பின்னால் ஒளியாமல் அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவது. பிறகு அவன் என்னை விட்டுவிட்டால், விடட்டும். சொல்வதற்கு எளிது. வீட்டுக்கு வந்து அம்மா படத்துக்கு முன் டீயும் பொறையும் வைத்துக் கும்பிட்டுவிட்டு, செல்லைப் பொருத்தி, கம்ப்யூட்டரைப் போட்டு, நேரம் தேதி வைத்து அணைத்தேன். பீஸ் கட்டையைப் பிடுங்கி அரை மணி வெளியே வைத்தேன். திரும்பப் பொருத்திப் போட்டபோது நேராகப் படம் வந்தது. மூலையில் அன்றைய தேதி. அம்மா போன அதே தேதி. ஆறு நாற்பதுக்கு எதுவும் வரவில்லை. போனைக் கையில் எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கூப்பிட்டு என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. மூன்று மாதமாக எனக்குத் தொடங்கிக் கொடுத்தது அந்தப் பெட்டிதான்.

ஆறு ஐம்பதுக்குப் போன் அடித்தது. அவன்தான். இந்த மூன்று மாதத்தில் அவனாகக் கூப்பிட்டது அதுவே முதல்முறை.

"இன்னாக்கா, இன்னிக்கி வரலியா?"

"வரல. செல்லு மாத்திட்டேன்."

வண்டிச் சத்தத்துக்கு நடுவில் மெல்லிய குரலில், "கண்டுபுடிச்சிட்டியா" என்றான்.

உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். மூணாவது நாளு, நீ எஃப் ஒன்னு அழுத்தறேன்னு சொன்னப்பவே என்றான். எனக்குப் பழைய கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மூன்று மாதம் என்னை ஆட்டி வைத்தாயே, ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா நாலாவது நாளு நீ கூப்புட்டிருக்க மாட்ட."

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அவனும் ஒரு பொய்யை வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான். என்னைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு பொய். நான் சொன்னது அவனை வெட்டிவிட. இனிமேல் ஒரு நிமிடம் கூட வைத்திருக்க என்னால் முடியவில்லை.

"அன்னைக்கி நான் சொன்னது பொய்டா. அம்மா உன்னக் கேட்டுச்சி. ரெண்டு வாட்டி கேட்டுச்சி."

வண்டிச் சத்தம் நின்றுபோனது. இறங்கிவிட்டானா, போனை வைத்துவிட்டானா, சிக்னல் போய்விட்டதா என்று பார்த்தேன். மூன்று கோடும் அப்படியே இருந்தன. வைத்துவிட்டிருந்தான்.

மறுநாள் அவன் கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அதற்கு மேல் கூப்பிட எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன். ஆறரைக்குக் கம்ப்யூட்டரைப் போடுவேன். மிஷின் தங்கமாக ஓடியது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. ஆறு நாற்பதுக்கு மூலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள், புதுச் செல்லைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்து வீட்டு அம்மா ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுவந்தவர் என்னைப் பார்த்துவிட்டு, மறுபடியும் ரிப்பேரா டீச்சர் என்று கேட்டார். இல்லை, சரியாகிவிட்டது என்றேன். அவர் போன பிறகு அந்தக் குழம்பைச் சூடு பண்ணக்கூட மனம் வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் போன் அடித்தது. கம்ப்யூட்டரை அப்போதுதான் போட்டிருந்தேன்.

நலம் விசாரிக்கவில்லை, கோபமும் படவில்லை. "அக்கா, அம்மா இன்னா கேட்டுச்சி? அப்படியே சொல்லு" என்றான்.

தரையில் உட்கார்ந்துகொண்டேன். "காலையில, தம்பி வந்துக்கினு இருக்கானான்னு கேட்டுச்சி. வந்துக்கினு இருக்கான்மான்னு சொன்னேன்."

"அப்பறம்?"

"பொழுது போவ இன்னொரு வாட்டி கண்ணத் தொறந்துச்சி. வழியில இன்னாத்தயாவது சாப்ட்டானான்னு கேட்டுச்சி. நீ வந்துக்கினு இருக்கிறதா நெனச்சிக்கினுதான்டா போச்சி."

அவன் மூச்சு விடுவது கேட்டது.

"நீ இன்னா சொன்ன?"

"சாப்ட்டான்னு சொன்னேன்."

"ஆமாக்கா" என்றான். "சாப்ட்டேன்."